கந்தலுக்குள் சூடு

திங்கட்கிழமை காலையில் கந்தல் குவியலின் மேல் கை வைத்தபோது அது சூடாக இருந்தது. முனியம்மாவுக்குக் காரணம் விளங்கவில்லை. அந்த மூலையில் வெயில் விழாது. பக்கத்தில் அடுப்பு இல்லை. ஞாயிறு முழுவதும் கொட்டகை பூட்டியே கிடந்தது.

பாடி என்ற ஊரில், பட்டாளத்து லாரிகளுக்குப் பலகை அடிக்கும் கொட்டகை அது. பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த கந்தல்களைப் பொறுக்கிக் குவித்து, சாக்குப் போட்டு மூடுவது முனியம்மாவின் வேலை. அந்தக் கந்தலை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. பெருக்குகிறவளையும்தான்.

போன வாரம் அதே மூலையில் தீப்பிடித்தது. சாக்கு எரிந்ததோடு அணைத்துவிட்டார்கள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பீப்பாய்கள். மேஸ்திரி உலகநாதன் அவளுடைய சுருக்குப்பையை அவிழ்க்கச் சொன்னார்.

"பீடி குடிச்சியா?"

"வெத்தல பொயலதான் போடுறேன் மேஸ்திரி. அதுல ஏது நெருப்பு?"

"சண்டை நேரம். இன்னொரு வாட்டி புகை வந்துதுன்னா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவேன். ஜப்பான்காரன் ஆளுன்னு எழுதிக்குவாங்க."

"அதான் யக்கா பல்லு செவந்து கீது, ஜப்பான் பொயல," என்றான் எண்ணெய் பூசும் தசரதன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சுருக்குப்பையை மறுபடி முடிந்துகொண்டாள்.

இப்போது மறுபடியும் சூடு. கூப்பிட்டால் அவள்தான் வைத்தாள் என்பார்கள். கூப்பிடாவிட்டால் பீப்பாய்கள் பற்றிக்கொள்ளும். சாக்கை விலக்கினாள். உள்ளிருந்து நூல்போலப் புகை எழுந்தது.

பின்வாங்கியபோது தலையில் ஏதோ இடித்தது. சனிக்கிழமை தசரதன் சோம்பலில், மேலே கட்டியிருந்த கம்பியில் வீசிவிட்டுப் போன கந்தல். விறைத்து, சில்லென்று இருந்தது. அதே எண்ணெய், அதே ஞாயிறு.

அவளுக்கு ஈர வைக்கோல் நினைவு வந்தது. அதைப் போராகப் போட்டால் சூட்டில் உள்ளே கை வைக்க முடியாது. உதறிப் பரப்பினால் ஆறிவிடும்.

ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றோடு சேர்ந்து இறுகித்தான் காய்கிறது. இறுகும்போது கொஞ்சம் சூடு பிறக்கிறது. கம்பியில் தொங்கினால் அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். குவியலில் அது வெளியேற வழியில்லை. ஒரு கந்தல் அடுத்ததைச் சூடாக்கும், கடைசியில் பற்றிக்கொள்ளும். இதில் முன்பாதி முனியம்மாவுக்குத் தெரியாது. பின்பாதி தெரியும்.

"மேஸ்திரி, இங்க வாங்க. உள்ள கைய வுடுங்க."

கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இன்னா பண்ணே நீ?"

"நீங்க சொன்னதத்தான். நல்லா அமுக்கி மூடி வெச்சேன். இப்ப கம்பில கீறதத் தொட்டுப் பாருங்க. அதுவும் நம்ம கந்தல்தான்."

அவர் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டார். அதற்குள் குவியலின் நடுவில் ஒரு கந்தலின் ஓரம் சிவந்தது. முனியம்மா மண்வெட்டியால் குவியலை வாரி வாரித் தண்ணீர்ப் பீப்பாயில் கொட்டினாள். ஒவ்வொரு வாரலும் சீறியது. உலகநாதன் பெட்ரோல் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போலீஸ கூப்டப் போறீங்களா மேஸ்திரி?"

"கம்பி எவ்ளோ வேணும்னு சொல்லு," என்றார்.

மறுநாள் காலையில் முனியம்மா கம்பிகளில் கிடந்த கந்தல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். எல்லாம் சில்லென்றிருந்தன. எண்ணெய்க் கந்தலைக் குவிக்கக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று படாமல் வெளியே கம்பியில் விரிக்க வேண்டும், அதற்கு நேரமில்லையென்றால் தண்ணீரில் அமுக்க வேண்டும்.