பின்பக்கம் பார்க்கக் கூடாது

கேக்கின் மேல் கார்ல்டன் ரூடின் முகத்தையே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல், பரிமாற வந்த பெண் காதோரமாக இரண்டு துண்டு வெட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் ஓவியக் கல்லூரிக்குத் தலைவராக இருந்த மனிதரை வழியனுப்ப, இத்தனை ஓவியர்களுக்கும் இதைவிட நல்ல யோசனை தோன்றவில்லை. மூன்று பேர் பேசி முடித்திருந்தார்கள். கல்லூரியை மூடவிடாமல் காப்பாற்றியவர், ஏரியைப் பார்த்தபடி கண்ணாடிக் கட்டடம் எழுப்பியவர், மாணவர் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கியவர் என்று மூவருமே சொன்னார்கள். எப்படிக் காப்பாற்றினார் என்ற இடம் வந்ததும் மூவருமே தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரே வெள்ளிக்கிழமையில், பதினான்கு ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பித்தான் காப்பாற்றினார். அந்தக் கூடத்தில் அது தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் கேக் தின்ன வந்த இடத்தில் அதை யார் எடுப்பார்கள்?

கார்ல்டன் பரிசு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தனக்கு ஒரு ‘க்ரிட்’, அதாவது விமர்சனக் கூட்டம், வைக்க வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வாராவாரம் நடப்பதுதான். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லோரும் சுற்றி நின்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். வரைந்தவர் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதியில் கார்ல்டனைப் போலக் கறாரான வாத்தியார் அந்தக் கல்லூரியில் இருந்ததில்லை. “படத்துக்கு வாய் இருந்தா அது பேசட்டும், நீ பொத்திக்கோ” என்று எத்தனை பிள்ளைகளை அழவிட்டிருப்பார்!

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் தூரிகையைத் தொடவில்லை. போன வருஷம் ஓய்வுத் தேதி முடிவானதும், வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தார். பனி உருகும் மாதத்து ஏரி. எட்டு மாதம் பிடித்தது. நன்றாக வந்திருக்கிறதா, இல்லை கை செத்துவிட்டதா என்று அவருக்கே பிடிபடவில்லை. கை செத்திருந்தால் அந்த இருபத்திரண்டு வருஷத்தின் விலை அதுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் வீட்டுக்குப் போய் உட்கார முடியாது. சம்பளம் வாங்குகிறவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் ஐலி கொஸ்கெலாவுக்குத் தன் கையாலேயே அழைப்பு எழுதினார். இருவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். “இது படமா, வங்கி காலண்டரா?” என்று முகத்துக்கு நேரே கேட்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அந்தப் பதினான்கு பேரில் அவளும் ஒருத்தி.

அவள் வந்திருந்தாள். மே மாதத்திலும் தடித்த கோட்டு. இப்போது ஊருக்குள் ஒரு பெயின்ட் கடையில், வாடிக்கையாளர் கொண்டுவரும் திரைச்சீலைத் துண்டுக்குப் பொருத்தமாகச் சுவர் வண்ணம் கலந்து கொடுக்கிறாள் என்று கேள்வி. யாரோடும் பேசாமல் கடைசி வரிசையில் நின்றாள்.

சுவரில் ஏரிப் படத்தை மாட்டியாயிற்று. ஓவியத்துறைத் தலைவி ப்ரிசில்லா ஓடம் ஆரம்பித்து வைத்தாள். “ரொம்ப சுவாரஸ்யமான படம், கார்ல்டன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தன் வகுப்பில் அவர் தடை செய்திருந்த ஒரே வார்த்தை சுவாரஸ்யம். ஒன்றும் தோன்றாதவன் சொல்லும் வார்த்தை அது என்பார். இன்று அவர் பேசக் கூடாது என்பதால் ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். துணிச்சல், தாராளம், அமைதி என்று அதே ரகத்தில் இன்னும் நாலைந்து வந்தன. கார்ல்டனுக்கு எரிச்சல் வந்தது. பூசி மெழுகுவதற்கு இவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அப்போது சிற்பத்துறை டஸ்டின் வெய்ல் முன்னால் வந்தான். வாய்த்துடுக்குக்காரன். கார்ல்டனுக்கு அவனைப் பிடிக்காது, அவனுக்கும் அவரைப் பிடிக்காது.

“வண்ணத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. ஏரின்னா நீலம், சரி. ஆனா இந்த மேல்பரப்பைப் பாருங்க. தண்ணிக்குக் குறுக்கால சாய்வா மேடு மேடா ரெண்டு கோடு போகுது. அலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அடியில ஏதோ கெடந்து மூச்சு விடுற மாதிரி இருக்கு. அது இல்லேன்னா இந்தப் படத்துல எதுவுமே இல்லை. எப்படிய்யா பண்ணினார்னு எனக்குப் பொறாமையா இருக்கு.”

கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. எல்லோரும் கிட்டே போய் அந்த மேடுகளைப் பார்த்தார்கள், உண்மையாகவே பார்த்தார்கள். “ஆமா, அங்கதான் இருக்கு விஷயம்” என்றாள் ப்ரிசில்லா. கார்ல்டனுக்குக் காது மடல் சூடேறியது. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவர் சந்தோஷமாக இருந்தார். பிறகுதான் அந்த மேடுகளைத் தான் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

படம் வரைந்த துணி புதிதல்ல. நல்ல லினன் துணி கட்டிய பழைய சட்டம் ஒன்றைக் கல்லூரி நிலவறையிலிருந்து எடுத்துப் போயிருந்தார். யாரும் வந்து கேட்காத படங்கள் அங்கே அடுக்கிக் கிடக்கும். பிள்ளைகள் எடுத்து, வெள்ளை பூசி, மேலே வரைவார்கள். எடுக்கும்போது பின்பக்கம் மட்டும் பார்க்கக் கூடாது. பெயர் அங்கேதான் எழுதியிருக்கும். பெயரைப் படித்துவிட்டால் திருட்டு, படிக்காவிட்டால் பழைய துணி. அவரும் படிக்கும் காலத்தில் அப்படித்தான் எடுத்தார், போன வருஷமும் அப்படித்தான். உப்புத்தாள் தேய்த்துப் பழைய பூச்சைச் சமப்படுத்தத் தோள் வலித்ததால் தேய்க்காமலே இரண்டு பூச்சு வெள்ளை அடித்துவிட்டார். அடியில் என்ன படம் இருந்தது? யாரோ உட்கார்ந்திருந்தது போல ஒரு ஞாபகம், அவ்வளவுதான்.

கூட்டம் வழிவிட, ஐலி முன்னால் வந்தாள். படத்துக்கு எதிரே நிற்கவில்லை. சுவரோரமாகப் போய், கன்னம் சுவரில் படும் அளவுக்குச் சாய்ந்து, படத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஐலி, ஏதாவது சொல்றீங்களா?” என்றாள் ப்ரிசில்லா.

“இதைக் கொஞ்சம் திருப்புங்களேன்.”

டஸ்டின் படத்தைக் கழற்றித் திருப்பினான். சட்டத்து மரத்தில் பென்சில் எழுத்து மங்காமல் இருந்தது. யோசிக்காமல் சத்தமாகப் படித்துவிட்டான். “கொஸ்கெலா. அப்பா. ரெண்டாயிரத்து ஒம்பது.”



“சுரங்க வேலையை விட்டு வந்த வருஷம்” என்றாள் ஐலி. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் கார்ல்டனுக்குத் தாங்கவில்லை. “ஒரே ஒரு நாள் உக்காந்தார். கால்சட்டை வார் ரெண்டும் தோள்ல இருக்கட்டும், கழட்ட மாட்டேன்னார். அதனால அந்த வாரை மட்டும் வண்ணத்தைக் கத்தியால அப்பி அப்பிப் போட்டேன். மறு வருஷம் போய்ட்டார்.”

ப்ரிசில்லா என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கமான வாசகத்தைச் சொன்னாள். “கார்ல்டன், இப்ப நீங்க பேசலாம்.”

அவர் அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்தார். “உன்னோடதுன்னு எனக்குத் தெரியாது ஐலி.”

“பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“முப்பது நாள் தவணை குடுத்திருந்தோமே. வந்து எடுத்திருக்கலாமே.”

“சாவியை அன்னிக்கே பிடுங்கிட்டீங்க. மூணு தடவை வந்தேன், காவலாள் உள்ள விடலை. உனக்குக் கடிதம் போட்டேன். பரிசீலனையில இருக்குன்னு உன் செயலாளர் பதில் போட்டா. இன்னமும் பரிசீலனையிலதான் இருக்கும்போல.”

அந்தக் கடிதம் தன் மேசைக்கு வந்ததா என்று யோசித்தார். வந்திருக்கும். அந்த மாதம் அப்படி எத்தனையோ வந்தன. படித்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று கட்டாகச் செயலாளரிடம் தள்ளிவிட்டது நன்றாகவே நினைவிருந்தது.

“எடுத்துட்டுப் போ. உன்னோடதுதானே” என்றார். சொல்லும்போதே எட்டு மாத உழைப்பு நெஞ்சுக்குள் ஒரு முறை புரண்டது.

“எதை எடுத்துட்டுப் போறது? உன் ஏரியையா?”

மேலே பூசியதை மட்டும் உரித்தெடுக்க வழி உண்டா என்று இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார். உரித்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும் என்றாள் ஐலி. அதற்குமேல் அங்கே நிற்க யாருக்கும் பிடிக்கவில்லை. ஒவ்வொருவராக மேசைப் பக்கம் நழுவினார்கள். தட்டுகளின் சத்தம் கேட்டது. பரிமாறும் பெண் துணிந்து நெற்றியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

டஸ்டின் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முதல் முறையாகக் கார்ல்டனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனான்.

ஐலி ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இங்க கை விளக்கு ஏதாவது இருக்கா?”

படம் மாட்டும் ஆட்கள் பயன்படுத்தும் விளக்கு அடுத்த அறையில் இருந்தது. கார்ல்டன் தானே போய் எடுத்துவந்தார். படத்துக்கு மேலே எரிந்த விளக்குகளை அணைத்தார். அவள் சொன்னபடி சுவரோடு சுவராக நின்று, படத்தின் ஓரத்திலிருந்து குறுக்கே வெளிச்சம் அடித்தார். எழுபத்தோரு வயதுத் தோள். கொஞ்ச நேரத்திலேயே விளக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“ஐலி,” என்றார். கேட்கக் கூடாதுதான், அதுவும் இப்போது. ஆனால் கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லை. “மேல இருக்கிறதைப் பத்தி... நான் வரைஞ்சதைப் பத்தி ஒரு வார்த்தை...”

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் கீழ பிடி, கார்ல்டன்.”

அவர் விளக்கை இறக்கினார். ஏரியின் நீலம் முழுவதும் நிழலாகிப்போய், அதற்குள்ளிருந்து ஒரு மனிதரின் தோளும், தோளில் மாட்டிய இரண்டு வார்களும், பிறகு கழுத்தும் மெல்ல எழுந்து வந்தன.