அடி விழுந்தால் ஆடும் ஊர்

பூவாணிக்குறிச்சியில் ஒருவர் இன்னொருவரை அடித்தால் நிலம் நடுங்கும். கன்னத்தில் ஓர் அறை என்றால் சொம்பில் தண்ணீர் தளும்பும். செருப்பால் அடித்தால் ஓடு சரியும். கட்டையை எடுத்தால் தெருவில் ஏதாவது ஒரு சுவர் விரிசல் விடும். ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் போகும் பஸ் கண்டக்டர்களுக்கு இது தெரியும். சில்லறைக்காக மல்லுக்கு நிற்பவர்களிடம் அந்த நிறுத்தம் வரும்போது, "வாயால என்ன வேணா பேசிக்குங்க, இந்த ஊரு தாண்டுற வரைக்கும் கைய மட்டும் வச்சிராதீங்க" என்று சொல்லிவிடுவார்கள். வெயிலைப் பற்றிச் சொல்வதைப் போலத்தான் சொல்வார்கள்.

இது பெரிய ஆட்டத்துக்குப் பிறகு வந்த பழக்கம். அதற்கு முன்னால் அந்த ஊர் மண் எல்லா ஊர் மண்ணையும் போலத்தான் இருந்தது. அதாவது, யார் யாரை அடித்தாலும் சும்மா கிடந்தது.

ஊருக்கு மேற்கே சிமெண்ட் கம்பெனிக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருந்தது. தினமும் மத்தியானம் சங்கு ஊதும்; கொஞ்ச நேரத்தில் பாறைக்கு வேட்டு வைப்பார்கள்; வீடுகள் குலுங்கும். ஆரம்பத்தில் எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கோடு சரிந்து விழுந்து நசுங்கின. மனு கொடுத்துப் பார்த்தார்கள், சாலையில் உட்கார்ந்து பார்த்தார்கள், லாரிகளை மறித்துப் பார்த்தார்கள். பிறகு வேறு வழி கண்டுபிடித்தார்கள். சங்கு ஊதியதும் வீட்டுக்கு ஓர் ஆள் உள்ளே ஓடிப்போய்ப் பாத்திர அடுக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'அடுக்குப் பிடிப்பது' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட அடுக்குப் பிடிக்க ஓடிவருவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் சங்கு நேரம் தவிர்த்து வருவார்கள். அந்த நேரத்தில் தெருவில் ஓர் ஈ காக்கை இருக்காது.

வேணியின் புருஷன் வீரமுத்து சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் வேலையில் இருந்தான்; வேட்டு வைப்பதற்கு முன்பே அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவான். மனைவியை அடிக்க வேண்டுமென்று தோன்றினால் அவன் சங்குக்காகக் காத்திருப்பான். வெடிச் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்காது, தெருவிலும் ஆள் இருக்காது என்பது அவன் கணக்கு. ஊர்ப் பெண்கள் அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் வேணி தன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து பல வருடம் அப்படியே போனது. இடது காது கேட்காமல் போனது. அந்த வீட்டில் மட்டும் ஏன் எல்லாப் பாத்திரமும் நசுங்கியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய ஆட்டம் வந்த அன்றும் சங்கு ஊதியது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். வேட்டுச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் வீடு குலுங்க ஆரம்பித்தது. வழக்கமாக ஒரு குலுக்கோடு நின்றுவிடும், அன்று நிற்கவில்லை. "இன்னிக்கி மருந்தக் கூடப் போட்டுட்டானுவடா" என்று யாரோ கத்தியது பக்கத்து வீட்டில் கேட்டது. நிலம் ஆட ஆட அவர்கள் அடுக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். வேறெந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். பூவாணிக்குறிச்சிக்காரர்கள் தெருவிலிருந்து வீட்டுக்குள் ஓடினார்கள். சுவர்கள் அவர்கள் மேல் இறங்கின. மறுநாள் வரை தோண்டி எடுத்த உடல்களில் பாதிப்பேர் கையில் குண்டான் இருந்தது. விரல்களைப் பிரிக்க முடியாமல் சிலரை அதோடேயே புதைத்தார்கள். சுரங்கத்தின் தரை பிளந்து உப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. கம்பெனி அத்தோடு சுரங்கத்தை மூடிவிட்டுப் போனது. அதன் பிறகு சங்கு ஊதவில்லை.

அன்று வேணி முதன்முறையாக உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தாள். வீரமுத்து கதவை உதைத்து உடைத்து, அவள் தலைமுடியைப் பிடித்து, யாருமில்லாத கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தான். முருங்கை மரத்தடிக்கு வந்து கையை ஓங்கியபோது பின்னால் வீடு உட்கார்ந்தது. ஓங்கிய கையும் இறங்கிவிட்டது. நிலத்தின் ஆட்டமும் அவன் அடியும் ஒரே நேரத்தில் தன் மேல் விழுந்ததாக வேணி பிற்பாடு சொன்னாள். மண் அன்றைக்குத்தான் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஊரில் சிலருடைய கருத்து.

மனைவியை வெளியே இழுத்துக் காப்பாற்றிய வீரன் என்று வீரமுத்துவின் படம் பேப்பரில் வந்தது. நிவாரணக் கூட்டத்தில் ஒருவர் அவனுக்குச் சால்வை போட்டார். பக்கத்து வீட்டுச் சிந்தாமணி கூட்டத்தில் தன் புருஷன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒன்ன முடியப் புடிச்சான், நீ பொழச்ச. எம்புருஷன் அண்டாவப் புடிச்சாரு, போயிட்டாரு. குடுத்து வச்சவடி நீ" என்றாள். வேணி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

நிவாரணக் கொட்டகையில் ஒரு நாள் குழம்பில் உப்பு தூக்கல் என்று வீரமுத்து அவளை அறைந்தான். பால் சொசைட்டியின் மிச்சக் கூரையும் விழுந்தது. மறுபடியும் நடுக்கம் என்று எல்லோரும் வெட்டவெளிக்கு ஓடினார்கள். அடுத்த வாரம் வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி இருவர் கட்டிப் புரண்டார்கள். கோயில் மணி தானாக அடித்தது. மணல் லாரி டிரைவர் ஒருவன் முதுகில் போலீஸ்காரர் லத்தியை இறக்கினார். அவர் வந்த ஜீப் கவிழ்ந்து வாய்க்காலில் கிடந்தது. மூன்று மாதத்துக்குள் ஊருக்குப் புரிந்துவிட்டது. வாத்தியார்கள் பிரம்பை அடுப்பில் போட்டார்கள். பிள்ளைகளுக்கு முட்டி போடுவதோடு தண்டனை நின்றது. அண்ணன் தம்பிகள் வரப்பின் இரண்டு பக்கமும் நின்று தொண்டை வற்றும்வரை வைதுகொண்டார்கள். கெட்ட வார்த்தைகளில் அந்த ஊர் அடைந்த முன்னேற்றத்தைப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனாலும், கொட்டகையிலிருந்து புது வீடுகளுக்குக் குடிபோன பிறகும், நடுக்கம் நிற்கவில்லை. ஆராய்ச்சிக்காக வந்த லாவண்யா என்ற நிலவியல் மேடம் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு கருவியைப் பொருத்தினார். ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தலைவர் தமிழழகனிடம் சொன்னார்: "சார், அத்தனை நடுக்கத்துக்கும் மையம் ஒரே இடம்தான். வீரமுத்து வீட்டு அடுப்படி."

"அடுப்படியா?" என்று தலைவர் யோசித்தார். "அப்ப அந்தப் பொண்ணக் கொஞ்சம் பதவிசா நடந்துக்கச் சொல்லணும்."

ஊர்ப் பெண்கள் வேணியிடம் வந்தார்கள். சிந்தாமணிதான் பேசினாள். "ஏண்டி, அவன் வாயக் கிளர்றதே ஒனக்கு வேலையா? எது சொன்னாலும் சரிங்கன்னு போயேன். எங்கூட்டுத் தளம் முந்தாநேத்துதான் போட்டது, இன்னும் ஈரங்கூடக் காயல."

"நான் வாயே தொறக்கலக்கா. தொறக்கலன்னுதான் அடிச்சாரு."

"அப்ப எதாச்சும் பேசித் தொலையேன்!"

வீரமுத்துவிடம் போய்ப் பேச யாரும் முன்வரவில்லை, ஏனென்றால் அதற்குள் அவனுக்கு விஷயம் தெரிந்துபோயிருந்தது. ஒற்றை ஆள் கை ஓங்கினால் ஓர் ஊரே வெளியே ஓடிவந்து நிற்கிறது என்பதை அவன் கொட்டகை வாசலில் நின்று பார்த்திருந்தான். சுரங்கத்தில் எத்தனை துளை போட்டும் கிடைக்காத மரியாதை. டீக்கடையில் அவன் வந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள். கடைக்காரர் பழைய பாக்கியைப் பற்றி வாயைத் திறந்தால், "சரிண்ணே, நான் வூட்டுக்குப் போறேன்" என்பான். அவ்வளவுதான், கடைக்காரரே வடையை எடுத்து நீட்டுவார். ஊரின் புது வீடுகள் எல்லாம் வேணியின் முதுகின் மேல் கட்டப்பட்டிருந்தன. சில நாள் கோபமே இல்லாமல், தான் யார் என்று ஊருக்கு ஞாபகப்படுத்துவதற்காக மட்டும் அடித்தான். வேணிக்கு மூச்சை இழுத்தால் விலாவில் குத்தியது, எச்சிலில் ரத்தம் வந்தது. அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க மாட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் தாய் வீட்டுக்குப் போக பஸ் ஏறிய இரண்டு தடவையும் தலைவரின் ஆட்களே இறக்கிக் கூட்டிவந்தார்கள். அவள் இல்லையென்றால் அவன் வேறு யாரையாவது அடிப்பான், அது எந்த நேரத்தில் என்று தெரியாது, அவள் என்றால் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள்.

கடைசியில் ஊர் கூடி அவர்கள் இருவரையும் தொலைவில் இருந்த முந்திரிக்கொல்லைக்கு அனுப்பியது. அங்கே கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள், அரிசியும் அனுப்பினார்கள். தூரம் போனால் நடுக்கம் குறையும் என்று நினைத்தார்கள். மண்ணுக்கு அந்தக் கணக்கு இல்லை. முந்திரிக்கொல்லையில் விழுந்த அடி ஒரு பிசகும் இல்லாமல் பூவாணிக்குறிச்சியில் வந்து ஆடியது. ஒரு சித்திரை மாதத்துப் பகலில் தலைவரின் புது வீட்டு வாசல் சன்ஷேடு பெயர்ந்து, கீழே நின்றுகொண்டிருந்த அவர் தகப்பனார் தலையில் விழுந்தது. தகப்பனார் தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் தமிழழகனுக்கு வீரமுத்துவின் மேல் கோபம் வந்தது. பிணத்தை அப்படியே போட்டுவிட்டுக் கம்பும் கடப்பாரையுமாக ஊரே முந்திரிக்கொல்லைக்குத் திரண்டது. படுக்கையில் கிடந்தவர்களைக்கூடக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அடி விழும் நாளில் யாரும் கூரைக்கடியில் இருக்கக் கூடாது என்று அனுபவம் சொல்லியிருந்தது. வீரமுத்து கொட்டகை வாசலில் நின்றான். கூட்டம் அவனைச் சுற்றி வளைத்தது. வளைத்துவிட்டு, நின்றது.

"அடிங்கடா" என்றான் அவன். "ஆரு மொதல்ல?"

"எலே ராஜா, நீ போடுடா" என்றார் தமிழழகன், பக்கத்தில் நின்றவனிடம்.

"எங்கூட்டுக்கு இன்னும் பூச்சு வேலகூட முடியலண்ணே. நீங்க போடுங்க, ஒங்க அப்பாதான செத்தாரு."

"அப்பாதான் போயிட்டாரு, வூடு இருக்கில்ல?"

வெயில் ஏறியது. கம்புகள் முதலில் தோளுக்கு இறங்கின, பிறகு தரைக்கு. சிலர் முந்திரி நிழலில் உட்கார்ந்தார்கள். யாரோ பொட்டலத்தைப் பிரித்துப் புகையிலை போட்டார்கள். வீரமுத்து சிரித்தான். தமிழழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொட்டகையோரம் நின்ற வேணியிடம் வந்தார். "அம்மாடி, இவன உள்ள கூட்டிட்டுப் போ. சோத்தப் போடு. இனிமேயாச்சும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

வேணி அந்தக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள். எல்லோருக்கும் ஊரில் ஒரு வீடு இருந்தது. அவளுக்கு இல்லை. வீரமுத்து, "உள்ள போடி" என்று கையை ஓங்கினான். முந்திரிப்பழம் இழுக்கும் தொரட்டிக் கம்பு மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. அவள் அதை எடுத்து அந்தக் கையின் மேலேயே போட்டாள்.

அதற்கு முன் எந்த அடிக்கும் நிலம் அப்படி ஆடியதில்லை. மரத்திலிருந்த முந்திரிப் பழங்கள் ஒரே நேரத்தில் உதிர்ந்தன. தரை பாளம் பாளமாகப் பிளந்து, கல்லாய்ப் போன பழைய கடல் சங்குகள் வெளியே எறியப்பட்டன. கும்பகோணத்து ஓட்டல்களில் டபராவும் டம்ளரும் கவிழ்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். எழுந்து நின்றவர்கள் எல்லோரும் விழுந்தார்கள், வேணியைத் தவிர. தூரத்தில் பூவாணிக்குறிச்சி இருந்த இடத்தில் வெள்ளைப் புழுதி மேகம் போல எழுந்து நின்றது. அது என்னவென்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவரும் உள்ளே இல்லை.

சிந்தாமணி தரையில் கையூன்றி எழுந்து அந்தப் புழுதியையே பார்த்தாள். அவள் மாரில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தார்கள். அவள் முந்தானையை உதறிச் செருகினாள்.

"அதான் எல்லாம் போயிருச்சே. இன்னொன்னு போடுடி."

வேணி இன்னொன்று போட்டாள், முழங்காலில். அதற்குப் பிறகு ஒன்று, இடுப்பில். வீரமுத்து மண்ணைக் கடித்துக்கொண்டு ஊளையிட்டான். இடிய வேண்டியது எதுவும் மிச்சமில்லாததால் நிலம் ஆடியதை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்போதுதான் ஆண்களுக்குத் தைரியம் வந்து கம்புகளை எடுத்தார்கள். வேணி தொரட்டியை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "ஒருத்தரும் கிட்ட வராதீங்க. இவ்ளோ நாளு வேடிக்க பாத்தீங்கல்ல? இன்னிக்கும் பாருங்க."

கிட்டே யாரும் போகவில்லை. அவளும் பிறகு அடிக்கவில்லை. தொரட்டியை மரத்தில் சாய்த்துவிட்டுக் குடத்துத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டாள்.

விசாரிக்க வந்த போலீஸிடம் ஊர் முழுக்க ஒரே மாதிரி சொன்னது: நிலம் ஆடியபோது முந்திரிக் கிளை முறிந்து அவன் மேல் விழுந்துவிட்டது. எந்தக் கிளை என்று கேட்டார்கள். ஆளுக்கொரு மரத்தைக் காட்டினார்கள். வீரமுத்து பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தான். இடுப்பு சரியாகக் கூடவில்லை, வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அங்கேயே தம்பி வீட்டோடு தங்கிவிட்டான். இடது கையால் எல்லா வேலையும் செய்யப் பழகிவிட்டதாகவும் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதாகவும் கேள்வி. பெரம்பலூரில் நிலம் அடிகளைக் கண்டுகொள்வதில்லை.

பூவாணிக்குறிச்சியை மூன்றாவது தடவையாகக் கட்டினார்கள். வேணிக்கு அவள் பேரிலேயே சிந்தாமணி வீட்டை ஒட்டி ஒரு வீடு வந்தது. அவள் வாசலில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கூட்டம் தினமும் உட்காரும். விலாவில் வலி மழைக்காலத்தில் மட்டும் வருகிறது. லாவண்யா மேடம் கருவியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார், அதில் எழுத அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது அங்கே யாராவது புது வீடு கட்டப்போனால், கொத்தனார் அறிவுச்செல்வன் மனை பூஜை முடிந்ததும் அந்த வீட்டுப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார். அந்தப் பெண் உடனே பதில் சொன்னால் கயிறு கட்டிக் கடைக்கால் தோண்ட ஆரம்பிப்பார். யோசித்தாலோ, திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாலோ, கூடுதலாகக் கம்பி போடலாமா, தூண் வைக்கலாமா என்றெல்லாம் பேச மாட்டார். கரண்டியையும் மட்டப்பலகையையும் சாக்கில் போட்டுக்கொண்டு, "இந்த மண்ணு வூடு தாங்காதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.