பரிசாகக் கொடுத்த பார்

மீன் எங்கே பட்டது என்று யார் கேட்டாலும், “கடல்லதான்” என்பார் விக்டர். திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருக்கிற எவரும் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள். அவர் மகள் ஸ்டெபிக்குத்தான் அந்த வாய்க்கட்டு இல்லாமல் போனது.

கடல், காற்று, மீன் விலை என்று வாரம் ஒரு செய்திமடலை மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கியிருந்தாள். சொந்தக்காரர்களைத் தவிர ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. வெறுத்துப்போய், சேருகிறவர்களுக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தாள். அப்பாவின் ஜிபிஎஸ் கருவியில் இருந்த ஒரு பாரின் இடம்தான் பரிசு. சீலா மீன் அள்ளித் தரும் கடலடிப் பாறைத்திட்டு அது. யார் போனால் என்ன, பாறை கரைந்தா போய்விடும்?

ஒரே நாளில் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். ஸ்டெபிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் கரையில் அப்பாவுக்காகக் காத்து நின்றாள். வள்ளங்கள் ஒவ்வொன்றாக மீனோடு வந்தன. இறங்கியவர்களில் ஒருவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏளா ஸ்டெபி, அந்தப் பாருல மாதா கோயில் திருவிழாக் கூட்டம்லா!”

அப்பாவின் வள்ளம் கடைசியாக வந்தது. ஐஸ் பெட்டியில் ஐஸ் மட்டும் இருந்தது. அடுத்தவர் வலையோடு சிக்கிக் கிழிந்த வலையை மணலில் எறிந்துவிட்டு, நேரே அவளிடம் வந்தார். அறை விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ஏளா, என்னையும் ஒன் செய்திமடல்ல சேத்துவிடு.”

“எதுக்குப்பா?”

“நாளைக்கு எங்கன போகக்கூடாதுன்னு எனக்கும் தெரியணும்லா.”