மார்ச் பதினான்காம் தேதியின் இன்மை

புதுமேடு ரெசின் ஆலையில், எதுவும் கசியாத நாளின் இன்மையைப் புட்டியில் அடைத்து ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். கசிந்த நாளுக்கு ஒரு தாள் போதும். எந்த வால்வு, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் முறுக்கி நிறுத்தியது என்று எழுதிவிடலாம். கசியாத நாளுக்கு எழுத ஒன்றும் இல்லாததால், அந்த ஒன்றுமில்லாததையே காட்ட வேண்டியிருக்கிறது. பதிவேட்டில் அதற்கு இன்மை என்று பெயர். ஷெட்டில் வேலை செய்பவர்கள் சும்மா என்பார்கள்.

பதிவறை அங்கயற்கண்ணியின் பொறுப்பு. தினமும் மாலை ஐந்தரைக்கு அன்றைய இன்மையை அரை லிட்டர் புட்டியில் பிடித்து, தக்கையை அழுத்தி, அரக்கை உருக்கி ஊற்றி, தேதி எழுதி ஒட்டுவாள். அரக்கும் ஒரு பிசின்தான். ஆனால் அது பூச்சிகளின் உற்பத்தி என்பதால் ஆலையின் அறிக்கையில் சேராது. ஐந்து வருஷம் நிறைந்த புட்டியை ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவாள். பத்தொன்பது வருஷமாக அவள் பதிவேடுகளில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

காற்றின் திசையையும் வேகத்தையும் மணிக்கொரு தரம் எழுதுவதும் அவள் வேலைதான். அந்தப் பதிவேட்டை இதுவரை யாரும் படித்ததில்லை.

"காத்து நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டா ரெண்டு அலமாரி மிச்சமாகும் மேடம். அதை யார் படிக்கப்போறா?" என்று மேலாளர் சுகவனம் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கேட்பார். அவள் ஒவ்வொரு நோட்டுக்கும் பொட்டு வைத்து அடுக்கிவிடுவாள்.

ஆலையின் அனுமதியைப் புதுப்பிக்க ஆய்வாளர் மாசிலாமணி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். ஐந்து வருஷத்துக்கு 1826 நாட்கள். லீப் வருஷம் இரண்டு விழுந்திருந்தால் 1827. இந்த முறை ஒன்றுதான். கசிந்த நாட்களின் தாள்கள் 23. ஆகவே புட்டிகள் 1803 இருக்க வேண்டும். அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்து, கடைசி அலமாரியில் நின்றார்.

"ஏம்மா, போன வருஷம் மார்ச் பதினாலு எங்கே?"

அலமாரியில் புட்டியளவுக்கு ஒரு வட்டம் தூசி படியாமல் இருந்தது.

"சும்மாதானே சார்? அதுல ஒண்ணு குறைஞ்சா என்ன குறைஞ்சிடப்போகுது?" என்றார் சுகவனம்.

"அன்னைக்கு இன்மை இல்லேன்னா ஏதோ கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். கசிஞ்சிருந்தா தாள் இருக்கணும். ரெண்டும் இல்ல. மூணு மணிச் சங்கு ஊதினதும் ஆலையை மூடச் சொல்லி எழுதிடுவேன்."

மூன்று கொதிகலன்களிலும் ரெசின் பாதிப் பதத்தில் இருந்தது. பாதியில் நிறுத்தினால் அது கல்லாக இறுகிவிடும். இருநூறு பேர் உளியும் சுத்தியுமாக ஒரு மாதம் கொத்த வேண்டும். அங்கயற்கண்ணிக்கு அதைவிடவும் ஒன்று உறுத்தியது. பதிவேட்டில் மார்ச் பதினான்குக்கு எதிரே அவள் கையெழுத்து இருந்தது.

"ஒரு காலிப் புட்டியை மூடி அரக்கு வச்சிடுங்க மேடம்," என்று சுகவனம் அவள் காதோரமாகச் சொன்னார்.

"காலிப் புட்டியில காத்து இருக்கும் சார், ஃபார்மலின் வாடை இருக்கும். அது வேற, இது வேற."

மணி ஒன்றுக்குச் சாப்பிடக் கேன்டீனுக்குப் போனாள். எலுமிச்சை ஊறுகாய் இருந்த புட்டியின் கழுத்தில் அரக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருதயராஜ் அண்ணே, இது ஏது?" என்று சமையல்காரரிடம் கேட்டாள்.

"உங்க ரூம்லதான் எடுத்தேன். காலியாத்தானே இருந்துச்சு? அத்தனை புட்டியை வச்சுக்கிட்டு ஒரு புட்டிக்கு மல்லுக்கு நிக்காதீங்க."

"எப்போ, எங்க திறந்தீங்க?"

"போன செவ்வாய், பதினோரு மணி இருக்கும். உங்க வாசல்லயே கத்தியால நெம்பினேன். ஒரு நிமிஷம் ஆலையில வாடையே இல்லாத மாதிரி இருந்துச்சு. அப்புறம் வழக்கம்போல ஆயிடுச்சு."

ஊறுகாயைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, புட்டியோடு பதிவறைக்கு நடந்தாள். இன்மைக்குக் கால் கிடையாது. காற்று தள்ளிய பக்கம்தான் போயிருக்கும். காற்றுப் பதிவேட்டை எடுத்துப் போன செவ்வாய் பதினோரு மணியைப் பிரித்தாள். மேல்காற்று, மணிக்கு ஆறு கிலோமீட்டர். வாசலிலிருந்து கிழக்கே நடந்தாள். புதன்கிழமைத் தென்றல் அவளைக் கிடங்குக்குக் கொண்டுபோனது. வியாழன் காலை லேப் ஜன்னலடியில் வந்து நின்றாள். அன்று பிற்பகல் நான்கு மணி நேரத்துக்குக் 'காற்று இல்லை' என்று எழுதியிருந்ததால், பக்கத்தைப் புரட்டும் மட்டும் அங்கேயே நின்றாள். சனிக்கிழமை எடைமேடையை இரண்டு முறை சுற்றினாள். ஷெட் ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

"அக்கா எங்க போறாங்க?"

"சனிக்கிழமையில இருக்காங்கடா. பேச்சுக் கொடுக்காதே."

இன்று காலை பத்து மணி வரிசை அவளை வாயிற்கதவருகே நின்ற ஆய்வாளரின் ஜீப்புக்குக் கொண்டுவந்து விட்டது. கண்ணாடி இறக்கியிருந்தது.

"இது மூணாவது ஊதுபத்திங்கம்மா," என்றார் ஓட்டுநர். "ஏத்தி ஏத்தி வைக்கறேன், மணமே வரல."

ஊதுபத்தியின் புகை நேராக எழும்பி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, அரை லிட்டர் அளவுக்கு எதையோ சுற்றிக்கொண்டு, மேலே மறுபடி சேர்ந்தது. அங்கயற்கண்ணி புட்டியை அங்கே கவிழ்த்துப் பிடித்தாள். புகை ஒன்றாகச் சேர்ந்து நேராக எழுந்தது. இன்மை உள்ளே போனதும் ஊறுகாய் வாசம் வெளியே வந்து முன் இருக்கையில் தங்கிவிட்டது. அவள் தக்கையை அழுத்தினாள்.

மூன்று மணிக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது அரக்கு இறுகியது. மாசிலாமணி பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். புட்டியை வாங்கி, தக்கையை மயிரிழை தூக்கி முகர்ந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு முறை முகர்ந்தார்.

"ஒண்ணுமே இல்ல," என்றார். "அன்னைக்கு உள்ளதேதான்."

சங்கு ஊதியபோது அவர் அனுமதியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டில் இருநூறு பேரும் ஸ்பேனரால் குழாய்களைத் தட்டினார்கள். சத்தத்தில் 1803 புட்டிகளும் கணகணத்தன. சுகவனம் ஜாங்கிரிப் பெட்டியோடு ஓடிவந்தார். முதல் ஜாங்கிரியை அங்கயற்கண்ணிக்குக் கொடுத்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, காற்று நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, பூட்டு வைத்த அலமாரியில் தானே அடுக்கினார். இருதயராஜ் அலமாரிப் பக்கமே பார்க்காமல் டீ கொடுத்துவிட்டுப் போனார். தக்கையைத் தூக்கியதால், அங்கயற்கண்ணி மறுபடி அரக்கு உருக்கினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காற்று பதிவறைக்கு வந்தது. தன்னைப் பற்றிய பதிவேடு இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், படிக்க வேண்டும் என்றும் சொன்னது. அங்கயற்கண்ணி பூட்டைத் திறந்து, முதல் நோட்டை மேஜைமேல் வைத்தாள். காற்று பத்தொன்பது வருஷத்தையும் ஒரே மூச்சில் புரட்டி, போன வியாழக்கிழமையில் வந்து நின்றது.

"காத்து இல்லேன்னு எழுதியிருக்கீங்க. நான் இருந்தேனே?"

அவள் மார்ச் பதினான்காம் தேதிப் புட்டியை எடுத்து முன்னால் வைத்தாள்.

"நீங்க இருந்திருந்தா இது ஜீப்புக்கு வந்திருக்காது. லேப் தாண்டி ஏரிக்குப் போயிருக்கும்."

காற்று சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு பேனாவை எடுத்து, வியாழக்கிழமைக்கு எதிரே கையெழுத்துப் போட்டது.

"தேதியும் போடணும்," என்றாள் அங்கயற்கண்ணி.