அப்பாவுக்கு ஒரு மணி நேரம்

அக்டோபரின் கடைசி ஞாயிறு. இன்றோடு பறக்கும் கிளப்பில் கிளைடர் விமானத்தைக் கழற்றி ஷெட்டுக்குள் அடுக்கிவிடுவார்கள். மழைக்காலம் போய், பொங்கல் கழிந்துதான் அது மறுபடி வெளியே வரும். அதுவரைக்கும் ராஜவேலின் பார்வை தாங்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவர் மகள் அமுதவல்லிக்கு ஆள் ஏற்றிப் பறக்க அனுமதி கிடைத்ததே போன மாதம்தான். அதற்கப்புறம் வந்த ஞாயிறெல்லாம் மழை. இன்று விடிந்ததும் விடியாததுமாக அப்பாவை முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் கூட்டிவந்து, கிளப் கரும்பலகையில் முதல் ஆளாகத் தன் பெயரை எழுதினாள்.

"மேலேர்ந்து பாத்தா நம்ம வீட்டு மாடில காயுற துணி தெரியுமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் மில்லில் தறி ஓட்டிய மனுஷன். மகளிடம் வாய் திறந்து அவர் கேட்டது, ஒரு தடவை மேலே கூட்டிப்போ என்பது ஒன்றுதான்.

ஒன்பதரைக்குப் பயிற்சியாளர் விஜயராகவன் கூப்பிட்டார். வெயில் பளிச்சென்று இருந்தது. ஆனால் தரை இன்னும் சூடேறவில்லை. கம்பி கட்டி இழுத்து மேலே விட்டாலும், இன்ஜின் இல்லாத கிளைடர் ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடும். மதியம் மேலெழும் சூட்டுக் காற்று கிடைத்தால் ஒரு மணி நேரம்கூடச் சுற்றலாம்.

"அஞ்சு நிமிஷம் போதும்மா. இப்பவே போலாமே," என்றார் ராஜவேல்.

"சும்மா இருப்பா. ஒரு தடவதான் போவப்போறோம், ஒழுங்கா போவோம்."

முறை வந்து வேண்டாம் என்றவர் பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும். அவளே தன் பெயரை அழித்துக் கீழே எழுதினாள். சூட்டுக் காற்றை அடக்கிவிடும் கடல்காற்று இரண்டு மணிக்கு முன்னால் வராது என்பது அவள் கணிப்பு. காற்றைக் கணிப்பதில் அவளைவிடக் கெட்டிக்காரி கிளப்பில் கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று.

பதினோரு மணிக்குச் சூட்டுக் காற்று எழுந்தது. மேலே போனவர்கள் இறங்கவில்லை. இருப்பதோ ஒரே கிளைடர். காற்றுப் பிடித்தவரைக் கீழே கூப்பிடுவது அங்கே வழக்கமில்லை. வினோத்குமார் நாற்பது நிமிஷம் சுற்றினான். சரிதா ஐம்பத்தைந்து. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அமுதவல்லிக்கு முதலில் சந்தோஷம், பிறகு எரிச்சல், பிறகு அழுகையே முட்டிக்கொண்டு வந்தது. இறங்கச் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. போன வருஷம் அவள் ஒன்றரை மணி நேரம் மேலே இருந்தபோது இவர்கள் எல்லோரும் கீழே வெயிலில் காத்திருந்தவர்கள்தான்.

சரிதா இறங்கியபோது மணி ஒன்று. கிழக்கே கடல்பக்கம் கறுத்துக் கிடந்தது. அமுதவல்லி அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை இறுக்கி, தான் பின்னால் ஏறிக் கண்ணாடி மூடியைச் சாத்தினாள். கம்பியையும் மாட்டியாயிற்று.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. கிளைடர் கிடுகிடுவென்று ஆடியது. விஜயராகவன் ஓடிவந்து கம்பியைக் கழற்றச் சொன்னார்.

"இன்னிக்கு அவ்ளோதான் அமுதா. மூடியத் தொறக்காத, நனைஞ்சிடுவாரு. மழ கொஞ்சம் விட்டதும் எறங்கிக்கலாம்."

இரண்டு பேர் இறக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். மழை கண்ணாடியில் சடசடவென்று அடித்தது. பட்டப்பகலில் கும்மிருட்டாகிவிட்டது.

"கெளம்பிட்டோமாம்மா?" என்றார் ராஜவேல் முன்னாலிருந்து. குரலில் அவ்வளவு ஆசை.

கண்ணுக்கு நேரே புல்தரை. பக்கத்தில் தொப்பலாக நனைந்தபடி இறக்கையைப் பிடித்து நிற்கும் வினோத்குமார். இதில் எதுவுமே அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சம் மங்கினால் பார்வை இந்த அளவுக்குப் போகும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

"இல்லப்பா. கீழதான் இருக்கோம். மழ வந்துடுச்சு. இனிமே போவ முடியாது."

"அப்ப சரி," என்றார்.

"காலைலயும் இப்படித்தான் இருந்துதாப்பா, ஒனக்கு?" ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது அவளுக்கு.

"காலைல வெயில் இருந்துச்சேம்மா. நல்லாத் தெரிஞ்சுது. அந்தக் கோடில வேப்பமரத்துல ரெண்டு காக்கா உக்காந்திருந்துச்சு. அதுகூடத் தெரிஞ்சுது."