நாற்பத்தொரு கிலோமீட்டர்

"புகை வருதும்மா" என்றார் கல்யாணராமன் சார் போனில். "நீலமா வருது. பின்னாடி வந்த ஆட்டோக்காரன் கையைக் காட்டிட்டுப் போறான்."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது என் தப்பு. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஜம்பண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னா இன்ஜினியரம்மா, கவுண்டர் நாற்காலியைத் தொடச்சி வைக்கட்டா?"

டில்லி பட்பர்கஞ்சில் இருக்கும் இந்த ஒர்க்‌ஷாப் அவருடையது. நான் மெக்கானிக்கல் பி.டெக். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். டில்லியில் தமிழ்க் கிறிஸ்தவப் பெண் என்றால் "நர்ஸா?" என்று கேட்பார்கள். என் அம்மா ஹெலன்கூட நர்ஸ் இல்லை. நர்ஸ்கள் கழற்றிப் போடும் கையுறைகளை அள்ளுகிற வார்டு ஆயா. அந்தச் சம்பளத்தில் படித்துவிட்டு, இரண்டு வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்து "ஹாஞ்சி பையா, ஷாம் தக் ஹோ ஜாயேகா", சாயங்காலத்துக்குள் ஆகிவிடும், என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்ஜின் பக்கம் போனால், "கை அழுக்காயிடும் தாயி" என்பார்கள். என் கை என்ன, மியூசியத்துக்கா போகிறது?

மூன்று மாதம் சண்டை போட்டு வாங்கியது இந்த ஒரு இன்ஜின். கல்யாணராமன் சாரின் பதின்மூன்று வயதுப் பெட்ரோல் கார். ஜம்பண்ணன் போட்ட நிபந்தனை எளிமையானது. புகை விடாமல் ஓடினால் அடுத்த இன்ஜினும் எனக்கு. விட்டால் நான் மறுபடி கவுண்டர்.

சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, ஒவ்வொரு ரிங்கின் இடைவெளியையும் இரண்டு தடவை அளந்து நானே பூட்டினேன். ஒரு போல்ட்டைக்கூட வேறு யாரும் தொடவில்லை. போன ஞாயிறு வண்டியைக் கொடுக்கும்போது, எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதியும் கொடுத்தேன். தமிழில். ஆர்.கே.புரத்துத் தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒன்றையும் விடாத மனிதர், படிப்பார் என்று நம்பினேன்.

சனிக்கிழமை காலை வண்டி வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து விட்டதும் பின்னால் நீலமாக ஒரு மேகம்.

"ஆயில் எரியுது" என்றார் ஜம்பண்ணன். "ரிங் சரியா உக்காரல. இன்ஜினை இறக்கிடலாம்."

"இறக்க வேண்டாம். ஒரு நிமிஷம் இருங்க."

மீட்டரைப் பார்த்தேன். வண்டியைக் கொடுத்த நாளிலிருந்து நாற்பத்தொரு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். என் கண்முன்னால் டேங்க் நிரப்பியது. நாற்பத்தொரு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் போதும். முள்ளோ பன்னிரண்டு லிட்டர் போய்விட்டதாகக் காட்டியது.

"சார், வண்டியில யாராவது பெட்ரோல் திருடுறாங்களா?"

"சேச்சே! எங்க சொசைட்டியில கேமரா இருக்கு."

"அப்ப நிக்க வச்சு எவ்வளவு நேரம் ஓட விட்டீங்க?"

அவர் ஜம்பண்ணனைப் பார்த்தார். ஜம்பண்ணன் கூரையைப் பார்த்தார்.

"தினம் கார்த்தால ஸ்டார்ட் பண்ணி விட்டுடுவேன். பேப்பர் படிச்சு முடிக்கிற வரைக்கும். ஒண்ணரை மணி நேரம் இருக்கும். பச்சைக் குழந்தை மாதிரிம்மா அது, உடனே ரோட்டுல ஓடவிடலாமோ? ஜம்புகிட்டகூடப் போன்ல கேட்டேன். நன்னா ஐடில்ல விடுங்கோன்னார்."

"நான் எழுதிக் கொடுத்த தாள்?"

"சுவாமி படத்துக்கு அடியில பத்திரமா வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த நாற்பத்தொரு கிலோமீட்டர் எங்கே போச்சு?"

"மலை மந்திர் முருகன் கோயிலுக்கு. பூஜை போட வேண்டாமா? எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளப்பின வண்டியை ஆத்துக்குத் திரும்பற வரைக்கும் அணைக்கக் கூடாது. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். ஆத்துக்காரி மாதங்கிக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டா. ஏசி போட்டுண்டு உள்ளேயே இருந்தா. அர்ச்சனைக்குக் கூட்டம், ரெண்டு மணி நேரம் ஆயிடுத்து. ஆனா போறப்பவும் வரப்பவும் முப்பதைத் தாண்டலை!" என்று பெருமையாக வேறு சொன்னார். "டாப் கியர்லேயே உருட்டிண்டு வந்துட்டேன்."

ஒரு இன்ஜினை இவ்வளவு அன்பாக யாரும் கொன்றிருக்க முடியாது.

"சார், கேளுங்க. புது ரிங் சிலிண்டர் சுவரோட உரசித்தான் படியணும். அதுக்கு அழுத்தம் வேணும். வண்டி இழுத்து ஓடினாத்தான் அழுத்தம் வரும். நிக்க வச்சு உறும விட்டா வராது. நான் சுவர்ல போட்டிருக்கிற கீறல் எல்லாம் தேய்ஞ்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடும். அப்புறம் ஆயில் மேல ஏறும், எரியும். நீங்க பாத்த புகை அதுதான்."

"முப்பது வருசமா ஐடில்ல விட்டுத்தான் குடுக்கறேன்" என்றார் ஜம்பண்ணன்.

"அதான் முப்பது வருஷமா எல்லா இன்ஜினும் ஆறே மாசத்துல திரும்பி வருது."

ஜம்பண்ணன் முகம் சிவந்தது. நான் நகரவில்லை.

"கீறல் இன்னும் முழுசாத் தேய்ஞ்சிருக்காது. நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன். "புகை நிக்கலேன்னா நானே இறக்கறேன், நானே போய் கவுண்டர்ல உக்கார்றேன்."

"அச்சா. நானும் வரேன். கண்ணால பாக்கணும்."

அன்றே ஆயிலை வடித்தேன். பெட்ரோல் வாடை அடித்தது. விளக்கு வெளிச்சத்தில் மெல்லிய மினுமினுப்பு. புது இன்ஜினுக்கு அது சகஜம். உலோகத் துகள் எதுவும் இல்லை. என் பூட்டுதலில் பிழை இல்லை. சாதாரண மினரல் ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு மூடினேன்.

ஞாயிறு காலை ஆறு மணி. "பூசைக்கு வராம எங்கட்டி போற?" என்று அம்மா கத்தியது படிக்கட்டு வரை வந்தது. நானும் ஜம்பண்ணனும் வண்டியைக் கொண்டுபோனபோது, மயூர் விஹாரில் வீட்டு வாசலில் சார் பேன்ட் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராக நின்றார். சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நானா?"

"நாளைக்கு ஓட்டப் போறது நீங்கதானே?"

ஜம்பண்ணன் பின் சீட்டில் ஏறி, பின் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நொய்டா லிங்க் ரோடு காலியாக இருந்தது. இன்ஜின் சூடேறும் வரை சும்மா போகவிட்டேன்.

"மூணாவது கியர். முப்பதுல இருக்கீங்க. இப்ப நல்லா அழுத்துங்க. அறுபது வரைக்கும்."

"அறுபதா!"

"அழுத்துங்க சார்!"

அழுத்தினார். இன்ஜின் இழுத்தது.

"இப்ப காலை எடுத்துடுங்க. பிரேக் வேண்டாம், கியர்லேயே இருக்கட்டும். தானா முப்பதுக்கு வரட்டும்."

"புகை" என்றார் பின்னாலிருந்து ஜம்பண்ணன். "நல்லாவே வருது."

"வரட்டும். மறுபடி."

முப்பதிலிருந்து அறுபது. அறுபதிலிருந்து முப்பது. ஐந்தாவது தடவை வரை ஜம்பண்ணன் "புகை", "புகை" என்று டோல்கேட்காரர் மாதிரி எண்ணிக்கொண்டே வந்தார். யூ டர்ன் அடித்துத் திரும்பினோம். எட்டாவது தடவை "கொஞ்சம்" என்றார். பதினோராவது தடவை அவரிடமிருந்து சத்தமே வரவில்லை.

"என்ன ஜம்பண்ணே, தூங்கிட்டீங்களா?"

"பாத்துக்கினுதான் இருக்கேன்."

"புகை?"

"சொல்றேன் இரு. இன்னொரு வாட்டி அழுத்தச் சொல்லு."

நான் சொல்வதற்கு முன்பே கல்யாணராமன் சார் அழுத்தினார். முகத்தில் எழுபது வயது இல்லை. "இழுக்கறதும்மா! முன்ன இப்படி இழுத்ததே இல்லை" என்றார். காலை எடுத்தார். வண்டி மெல்ல முப்பதுக்கு இறங்கியது. நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ரோடு சுத்தமாக இருந்தது.

"இதோட முடியலை சார். ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் இப்படித்தான். ஒரே வேகத்துல போகக் கூடாது, முழுசா மிதிக்கவும் கூடாது. அப்புறம் ஆயிலை நான் மறுபடி மாத்துவேன். தாளை சுவாமிகிட்டேர்ந்து எடுத்து நீங்க படிங்க. சுவாமிக்கு ஏற்கெனவே தெரியும்."

அக்‌ஷர்தாம் சிக்னலில் சிவப்பு. தொண்ணூறு வினாடி. சார் என்னைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், பிறகு தானாகவே இன்ஜினை அணைத்தார்.

ஜம்பண்ணன் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒரு ஸ்கூல் வேன் இன்ஜின் வருது. நீயே இறக்கு."

"கவுண்டர்ல யாரு உக்கார்றது?"

"அதான் யோசிக்கறேன்."

"நீங்க உக்காருங்க ஜம்பண்ணே. போன் வந்தா, ஐடில்ல விடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க."

பச்சை விழுந்தது. சார் சாவியைத் திருகினார். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.