சப்பாத்தைக் கழற்றிய கள்ளன்

தீர்ப்புக்கு முன் கடைசி வார்த்தை குற்றம் சாட்டப்பட்டவனுக்குத்தான். ஜெர்மன் சட்டம் அப்படி.

டோர்ட்மண்ட் நீதிமன்றத்தில் தாரகன் எழுந்தான். ஜெர்மன்காரர் வீடுகள் சிலவற்றை உடைத்ததை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டான். சிறை நிச்சயம். மிச்சம் இருந்தது டெல்சி என்ற தமிழ்ப் பெண் வீட்டு நகைக் களவு. அந்த வாசலில் அகப்பட்டவை அவன் மச்சான் ஸ்ரனிஸ்லாஸின் சப்பாத்துகள். பழியும் ஸ்ரனிஸ்லாஸ் தலையில் விழுந்தது.

"வாயைத் திறந்தால் உனக்குத்தான் தண்டனை கூடும்" என்று தாரகனின் வக்கீல் எச்சரித்திருந்தார். ஆனால் அன்று காலை அரசுத் தரப்பு ஸ்ரனிஸ்லாஸுக்கும் சிறை கேட்டுவிட்டது.

தாரகன் மொழிபெயர்ப்பாளர் சுகன்யாதேவியிடம் திரும்பினான்.

"அக்கா, ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ. டெல்சி அக்கா வீட்டிலயும் நான்தான். மச்சானிட்ட சப்பாத்து இரவல் வாங்கினனான். அவனுக்கு ஒண்டும் தெரியாது."

"நாடகம்!" பின்வரிசையில் டெல்சி சீறினாள். "களவெடுக்க வந்தவன் வாசலில சப்பாத்தைக் கழட்டுவானோ?"

"மற்ற வீடுகளில் சப்பாத்துத் தடம் இருந்ததே?" நீதிபதியும் மடக்கினார்.

தாரகன் சிரித்தான்.

"அது வெள்ளைக்காரன் வீடு. அக்கா வீட்டில கதவைத் திறந்த உடன மாதா படம், முன்னால விளக்கு. கை தன்பாட்டில கழட்டிப் போட்டுது. பிறகு ஆரோ படியேறி வாற சத்தம். பல்கனியால குதிச்சு வெறுங்காலோட ஓடினனான்."

"அத்தாட்சி?" என்றார் நீதிபதி.

தாரகன் பின்வரிசைக்குத் திரும்பினான். "டெல்சி அக்கா, தாலிக்கொடியும் போனதெண்டுதானே பொலிசுக்குச் சொன்னனீங்கள்?"

"ஓம், போனதுதானே!"

"போகேல்லை. அரிசி வாளிக்குள்ள இருந்த மற்றதெல்லாம் எடுத்தனான். தாலிக்கொடியில கை வைக்க ஏலாமல் போச்சு. மாதா படத்துக்குப் பின்னால சொருகிப்போட்டு வந்தனான். தேடிப் பாருங்கோ."

நீதிபதி இடைவேளை விட்டார். டெல்சி நடைவழியில் நின்று வீட்டிலிருந்த மகள் கவிசாவை அழைத்தாள். திரும்பி வந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

"இருக்குதாம்" என்றாள் நீதிபதியிடம். பிறகு தாரகனை முறைத்தாள். "மாதாவோட சேர்ந்து என்னை இவ்வளவு நாளும் அழவைச்சனீ, என்ன?"

விசாரணை மறுபடி தொடங்கியது. மாலையில் ஸ்ரனிஸ்லாஸ் விடுதலை. தாரகனுக்கு வக்கீல் பயந்தபடியே தண்டனை கூடியது. அவன் தலை மட்டும் குனியவில்லை.

காவலர் கூட்டிப்போகையில் ஸ்ரனிஸ்லாஸ் குறுக்கே வந்தான்.

"டேய், என்ர சப்பாத்து?"

"பொலிசிட்டக் கேட்டு வாங்கு, மச்சான். அதைப் போட்டுக்கொண்டு என்னைப் பாக்க வா."